சீடையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. காரணம் கேட்டால் ஆடிட் என்பேன், கேட்காவிட்டால் சோம்பேறித்தனம். இந்த முறை எழுதுவதற்கு ஒரு விஷயம் கையில் இருக்கிறது. நிஜமாகவே கையில்தான். ஒரு வெள்ளைக் கவர், மேலே தேதி, உள்ளே என் பல்லின் ஒரு துண்டு. (பேங்க்காரன் புத்தி. எதுவாக இருந்தாலும் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிட வேண்டும்.)

நடந்தது 2025 ஆகஸ்டில். கிருஷ்ண ஜெயந்திக்கு அம்மா கோவில்பட்டியில் உப்புச் சீடை செய்து வைத்திருந்தார். லீவு முடிந்து சென்னையிலிருந்து விமானத்தில் திரும்பிய சக அலுவலர் ஒருவர் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இங்கே ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டே ஒரு கை சீடையை அள்ளி வாயில் போட்டேன். மூன்றாவது கடியில் 'டக்'. கல் என்று நினைத்துத் துப்பினால், கல் இல்லை. என் பல்.

கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவில்பட்டி. அந்த ஊரில் பிறந்து, நாற்பது வருடம் கடலைமிட்டாயைக் கடித்து வளர்ந்தவனுக்குக் கடைசியில் பல் உடைந்தது சீடையில்!

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ஷாதிபூர் என்பது அந்தமானில் போர்ட் பிளேருக்குள் ஒரு பகுதி. ஊர்ப் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். பேங்க் லெட்டரில் புதுப் பெயர் எழுதுகிறோம், ஆட்டோக்காரரிடம் பழைய பெயர் சொல்கிறோம். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். இங்கே இருக்கிறவர்கள் தமிழ்நாட்டையும் வங்காளத்தையும் சேர்த்து 'மெயின்லேண்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். எதையாவது ஒத்திப்போட வேண்டும் என்றால் ரொம்ப வசதியான வார்த்தை அது. "மெயின்லேண்ட் போகும்போது பார்த்துக்கலாம்." என் பல்லின் கதையே அந்த ஒரு வாக்கியம்தான்.

2023 மே மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது கீழ்த்தாடையில் இடது பக்கம் கடைவாய்ப் பல்லில் ராத்திரி முழுக்க வலி. அங்கே ஒரு பல் டாக்டரிடம் ரூட் கேனால் செய்துகொண்டேன். அவர் தெளிவாகவே சொன்னார்: "இது பாதி வேலைதான் சார். ரெண்டு மூணு வாரத்துல வந்து கேப் போட்டுக்கங்க. போடாம விட்டா உடையும்." தலையை ஆட்டினேன். லீவு முடிந்தது. ஜூனில் அந்தமான் டிரான்ஸ்பர் ஆர்டர். ஜூலையில் இங்கே வந்து சேர்ந்தேன். புது ஊர், மகளுக்குப் புது ஸ்கூல், வாடகை வீடு தேடி அலைச்சல். கேப் மறந்தேபோனது.

மறந்ததற்கு ஒரு காரணம், பல் வலிக்கவே இல்லை. ரூட் கேனாலில் பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பல் ஐஸ்கிரீமுக்குக் கூசாது, காபிக்குச் சுள்ளென்று இழுக்காது. புகார் சொல்லாத வாடிக்கையாளர் மாதிரி. கவுன்டரில் சத்தம் போடுகிறவரைத்தான் நாம் முதலில் கவனிப்போம். மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் வேலை சாயங்காலம் வரை கிடக்கும். இரண்டேகால் வருடம் என் பல் அப்படி மூலையில் உட்கார்ந்திருந்தது. ஆகவே இதில் எந்த டாக்டரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

உடைந்த அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்குப் பக்கத்துச் சுவர் அப்படியே போயிருந்தது. நடுவில் பழைய ஃபில்லிங் ஒரு மேடாக நின்றது. கன்னத்துப் பக்கம் மட்டும் ஒரு சுவர் மிச்சம். நாக்கு போய்ப் போய் அங்கேயே தடவியது. வலி? கொஞ்சமும் இல்லை.

மறுநாள் ஆபீஸில் சொன்னதும் ஆலோசனைகள் குவிந்தன. அந்தமான் ஒரு சின்ன இந்தியா. அதனால் ஆலோசனையும் பல பாஷையில் வரும். வங்காளி கேஷியர், "நிகால் தீஜியே சார்ஜி" என்றார். பிடுங்கிவிடுங்கள், ஒரு பல்தானே, முப்பத்தொன்று இருக்கிறதே என்று கணக்குச் சொன்னார். தெலுங்கு நண்பர் இம்ப்ளான்ட்தான் சரி என்றார். அவர் மாமனார் போட்டிருக்கிறாராம், எலும்பே கடிக்கிறாராம். பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. அவர் கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். "வலியே இல்லக்கா" என்றால், "வைங்க தம்பி, நல்லதுதான்" என்கிறார்.

வீட்டம்மா மட்டும் ஒரே கேள்வி கேட்டார். "என்னங்க, இதையும் மெயின்லேண்ட் போகும்போது பார்த்துக்கலாமா?"

பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன்.

இங்கே ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். பேங்க் முடிந்து போக வசதியாக, சாயங்காலம் பார்க்கிற ஒரு லேடி டாக்டரிடம் போனேன். மலையாளி. தமிழ், இந்தி இரண்டையும் கலந்து பேசினார். நான் கவரைத் திறந்து பல் துண்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"சார், போனதைக் காட்டாதீங்க. மிச்சம் இருக்கறதைக் காட்டுங்க."

எனக்கு இது சட்டென்று உறைத்தது. வாராக்கடன் கணக்கைக் கையில் எடுக்கும்போது எங்கள் வேலையும் இதுதானே. போன பணத்தைப் பற்றிப் புலம்புவதில் பிரயோஜனம் இல்லை. மிச்சம் என்ன செக்யூரிட்டி இருக்கிறது, தொழில் இன்னும் ஓடுமா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் பார்த்த விஷயங்களை வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் சின்ன எக்ஸ்ரே. வேரின் நுனியில் சீழ் கட்டிய நிழல் இருக்கிறதா, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தார். அடுத்து மெல்லிய கம்பி ஒன்றால் பல்லைச் சுற்றி ஈறை அளந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி குறுகலாக ஆழத்துக்கு இறங்கினால், வேர் நெடுக விரிசல் விட்டிருக்கலாம் என்று அர்த்தமாம். அப்படி விட்டிருந்தால் அந்த வேரைக் காப்பாற்ற வழியில்லை. அந்த மாதிரி விரிசல் பல சமயம் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால்தான் இந்தக் கம்பி அளவு. நல்லவேளை, எனக்கு எங்கேயும் அப்படி இறங்கவில்லை.

மூன்றாவது, ஈறுக்கு மேலே ஆரோக்கியமான பல் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்ப்பது. கேப் என்பது மேலே கவிழ்க்கும் தொப்பி மட்டும் இல்லை. அதன் விளிம்பு நல்ல பல்லைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது கவ்விப் பிடிக்க வேண்டும். புரிய வைப்பதற்காக ஒரு பென்சிலை எடுத்து, ரப்பரைப் பிடித்திருக்கும் தகர வளையத்தைக் காட்டினார். எனக்கோ அம்மாவின் உலக்கை ஞாபகம் வந்தது. உலக்கை நுனியில் இரும்புப் பூண் இருக்குமே, அதேதான். பூண் மரத்தைச் சுற்றிக் கவ்வியிருக்கும் வரை உலக்கை பிளக்காது. கவ்வுவதற்கு மரமே இல்லை என்றால் பூண் போட்டு என்ன பயன்?

என் பல்லில் கன்னத்துப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் இருந்தது. நாக்குப் பக்கம் ஈறோடு ஈறாக, ஏறக்குறைய ஒன்றுமில்லை.

"சுகர் இருக்கா சார்?"

இருக்கிறது. மூன்று மாத சராசரி 7.1. அதையும் குறித்துக்கொண்டார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறும் எலும்பும் ஆற நாளாகும். பல்லை வைத்துக்கொண்டாலும் சரி, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் போட்டாலும் சரி, இந்த விஷயம் இரண்டுக்கும் பொது.

"ரூட் கேனால் பண்ணின பல்லு காஞ்சுபோய் உடையும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று கேட்டேன். "முக்கியமான காரணம் அது இல்ல சார். ஏற்கெனவே சொத்தை அரிச்சிருக்கும். அப்புறம் நாங்க உள்ள போக வழி பண்ணுவோம். நாலு சுவரும் கூரையும் போன வீட்டை மழையில விட்ட மாதிரி. அதுக்குத்தான் கேப்" என்றார்.

பிறகு வழிகளைச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கோடு போட்டு, லோன் அப்ரைசல் மாதிரி எழுதினேன். அவர் சொன்ன தொகைகள் இவை. உங்கள் ஊரில் வேறாக இருக்கும்.

1. பல்லை எடுத்துவிட்டு அப்படியே விடுவது. ஆயிரம் ரூபாய். ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் பக்கத்துப் பற்கள் காலப்போக்கில் காலி இடத்துக்குள் சாயும், மேல் பல் எதிரே ஆள் இல்லாமல் கீழே இறங்கிவரும், எலும்பும் கரையும். கரைவதில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே நடந்துவிடும். எங்கள் பாஷையில் இது ரைட் ஆஃப். (ரைட் ஆஃப் வேறு, தள்ளுபடி வேறு என்று எத்தனை முறை சொன்னாலும் டிவி விவாதங்களில் யாரும் கேட்பதில்லை. ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததாக ஆகாது. பல்லும் அப்படியே.)

2. எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பல். மூவாயிரம். ஆறிய பிறகு மாட்டலாம். ராத்திரி கழற்றி வைக்க வேண்டும்.

3. எடுத்துவிட்டு பிரிட்ஜ். இருபத்தேழாயிரம். இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் சீவி, மூன்றையும் சேர்த்து ஒரே கேப்பாகப் போடுவது. ஒருத்தன் கடனுக்கு இரண்டு பேர் ஜாமீன். அந்த இரண்டு பேரில் ஒருவர் விழுந்தால் மூன்றும் போச்சு.

4. எடுத்துவிட்டு இம்ப்ளான்ட். நாற்பதாயிரம். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு மேலே கேப். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை என்பது பெரிய லாபம்.

5. இருக்கிற பல்லை வைத்துக்கொள்வது. பழைய ரூட் கேனாலைத் திறந்து மறுபடி செய்வது (உடைந்த இடம் வழியாக எச்சில் உள்ளே போயிருக்கும் என்பதால்), நாக்குப் பக்கம் ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கிப் பல்லை வெளியே தெரியவைக்கும் சின்ன ஆபரேஷன், ஆறுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம், பிறகு உள்ளே கட்டுமானம், மேலே கேப். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. ஐந்தாறு தடவை நாற்காலியில் உட்கார வேண்டும்.

இதில் எதுவும் இன்ஷூரன்ஸில் வராது. விபத்தில் உடைந்தால்தான் பொதுவாகப் பல்லுக்குக் கொடுப்பார்கள். சீடை விபத்தில் சேராது.

தாளைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் வழிதான் இழுத்தது. ஆயிரம் ரூபாய், பத்து நிமிடம், தலைவலி விட்டது. வெளியே தெரியாத இடம்தானே. மகள் ப்ளஸ் டூ, அடுத்த வருடம் காலேஜ் ஃபீஸ். இருபத்திரண்டாயிரத்தைச் செத்துப்போன ஒரு பல்லில் போட வேண்டுமா?

அந்த வாரம்தான் அம்மா போன் செய்தார்.

"ஏய்யா, சீடை வந்துச்சா? மொறுமொறுன்னு இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"கருக்காப் பொரிச்சிட்டமோன்னு நெனச்சேன். உங்க அக்காளைத்தான் கடிச்சுப் பார்க்கச் சொன்னேன். நமக்குத்தான் பல்லு இல்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் போனை வைத்த பிறகும் அது காதில் நின்றது. தன்னால் கடிக்க முடியாத சீடையை, எண்ணெய்ச் சத்தத்தையும் நிறத்தையும் வைத்தே பொரித்து, கடல் தாண்டி எனக்கு அனுப்புகிறார். அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. ஐம்பது வயதிலிருந்தே பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. வலி வரும், கிராம்பு வைப்பார், முகம் வீங்கும், போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தடவையும் சின்னச் செலவு, ஒரே நாள் வேலை. ஒவ்வொரு தடவையும் அதுதான் அன்றைக்குச் சரியான முடிவாகத் தெரிந்தது. "ஒரு பல்லுதான்" என்று பதினைந்து தடவை சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் அம்மாவின் வாய். இப்போது பல்செட் இருக்கிறது, ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள். கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுத்து மாட்டுவார். தாடை எலும்பு கரைந்து செட் லூசாகிவிட்டது, பேசும்போது எழும்புகிறது. 'பல்லு போனா சொல்லு போச்சு' என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவுக்கு வேறு வழியும் பெரிதாக இருக்கவில்லை. இத்தனைக்கும் பல்லில் ஓட்டை போடும் வேலை ரொம்பப் பழசு. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மெஹர்கரில், ஏழாயிரத்து ஐந்நூறிலிருந்து ஒன்பதாயிரம் வருடம் முந்தைய ஒன்பது பேரின் கடைவாய்ப் பற்களில் கல் முனையால் துளை போட்டிருந்ததை 2006-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிரான்ஸில் பியர் ஃபோஷார் 1728-ல் எழுதிய புத்தகத்திலேயே மிச்சமிருக்கும் வேரில் கம்பி நட்டுப் பல் கட்டும் முறை இருக்கிறது. நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமது ஆரம்பித்தது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் வந்தது. ஸ்வீடனில் பிரோனமார்க் டைட்டானியம் இம்ப்ளான்ட்டை முதல் நோயாளிக்கு வைத்தது 1965-ல். இவ்வளவும் உலகத்தில் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் தெருவில் பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது மட்டும்தான். அம்மாவுக்கு ஒரே வழி. எனக்கு ஐந்து வழி. ஐந்து இருக்கும்போதும் நான் அந்த ஒன்றையே எடுத்தால், அது சிக்கனமா, பயமா?

பயம்தான் என்று நினைக்கிறேன். பணத்தைவிட, அந்த நாற்காலி.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நேராகக் கேட்டேன். "உங்க பல்லா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அது சரியான கேள்வி இல்ல சார். நான் ஊரை விட்டுப் போக மாட்டேன். நீங்க எப்பப் போவீங்க?"

2026 நடுவில் எனக்கு மூன்று வருடம் முடிகிறது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னது இதுதான்: இம்ப்ளான்ட் நல்ல வழி. ஆனால் எடுத்த இடம் ஆறி, திருகு போட்டு, அது பிடித்து, கேப் போடுவதற்குள் உங்கள் டிரான்ஸ்பர் வந்துவிடலாம். ஒரு கம்பெனி திருகுக்கு இன்னொரு கம்பெனி சாமான் பெரும்பாலும் பொருந்தாது. புது ஊரில் பாதி வேலையோடு நிற்பீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை பாதி வேலையோடு கப்பல் ஏறினவர் நீங்கள். (விமானம்தான். திருத்தவில்லை.) பல்லைக் காப்பாற்றும் வேலை டிசம்பருக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, பல்லை இன்று வைத்துக்கொண்டால் நாளைக்கு இம்ப்ளான்ட் வழி மூடிவிடாது. எடுத்துவிட்டால் திரும்பி வர முடியாது.

"எத்தனை வருஷம் வரும்?"

"கேரண்டி யாராலயும் கொடுக்க முடியாது. திறந்து பார்க்கும்போது உள்ளே விரிசல் தரை வரைக்கும் போயிருந்தா, அங்கேயே நிறுத்திடுவேன். அதுக்கு மேல உங்க பணத்தை வாங்க மாட்டேன். சம்மதமா?"

நிபந்தனையோடு சாங்ஷன். இதைவிட நேர்மையாக எந்த ஃபைலிலும் நான் நோட் எழுதியதில்லை. சம்மதம் என்றேன்.

திறந்த நாள் மறக்காது. ஊசி போட்டு, ரப்பர் ஷீட் விரித்து, பழைய ஃபில்லிங்கை எடுத்தார். கண்ணில் பூதக்கண்ணாடி. ஒரு நிமிடம் பேச்சில்லை. "ஒரு கோடு இருக்கு" என்றார். எனக்குக் கை வேர்த்துவிட்டது. விந்தையைப் பாருங்கள், ஒரு வாரம் முன்னால் ஆயிரம் ரூபாய்க்குப் பிடுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்ட அதே பல். ஆறு வயதில் முளைத்தது. பள்ளிக்கூடம் சேர்ந்த வயது. நாற்பது வருடச் சர்வீஸ். அது போய்விடக் கூடாது என்று அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீலச் சாயம் ஒன்றைத் தடவிக் கழுவினார். விரிசல் இருந்தால் சாயம் அதில் தங்கிக் கோடாகத் தெரியுமாம். மறுபடி பார்த்தார். ஒரு கண்ணாடியைப் பிடித்து எனக்கும் காட்டினார். மேல் பகுதியில் நீலமாக ஒரு மயிரிழை, பாதியிலேயே நின்றிருந்தது. தரையில் கோடு இல்லை. "ஓடலாம்" என்றார். ஓடலாம் என்றால் வேலை தொடரலாம் என்று அர்த்தம் என்பது புரிய எனக்கு இரண்டு விநாடி ஆயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததில் நாடகம் எதுவும் இல்லை. ரூட் கேனால் மூன்று சிட்டிங். செப்டம்பர் கடைசியில் ஈறு ஆபரேஷன். முக்கால் மணி நேரம், தையல், ஒரு வாரம் கஞ்சியும் தயிர்சாதமும். ஊரெல்லாம் மீன் மணக்கும்போது ரசஞ்சாதம் சாப்பிடுவது ஒரு தண்டனை. எட்டு வாரம் காத்திருந்து அளவெடுத்தார்கள். அளவு சென்னையில் இருக்கும் லேபுக்கு விமானத்தில் போய், கேப் விமானத்தில் வந்தது. நடுவில் வானிலை மோசம் என்று நான்கு நாள் தாமதம். டிசம்பர் இரண்டாவது வாரம் கேப் ஏறிவிட்டது. நான் நினைத்தது மாதிரி வலி எங்கேயும் இல்லை. காத்திருப்புதான் கஷ்டம். சர்க்கரையும் 6.6-க்கு இறங்கியிருக்கிறது. இனிப்பு தானாகக் குறைந்துபோனதால்!

இந்தப் பல் பத்து வருடம் வரலாம், மூன்று வருடத்தில் போகலாம். அதற்காகச் செலவு வீண் என்று இப்போது தோன்றவில்லை. எது சிறந்த சிகிச்சை என்ற கேள்வியில்தான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். மிச்சம் என்ன இருக்கிறது, நான் இருக்கிற இடத்தில் எதை முழுசாக முடிக்க முடியும் என்று கேட்டதும் முடிவு தானாக வந்துவிட்டது. என் பல்லுக்கு இது சரி. விரிசல் தரை வரை போயிருந்தால் எடுப்பதுதான் சரியாக இருந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

துபாயிலோ சிங்கப்பூரிலோ டெல்லியிலோ இருந்துகொண்டு, எல்லா வைத்தியத்தையும் ஊர் லீவுக்கு ஒதுக்கி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சில வரிகள்:

ரூட் கேனால் முடிந்தது என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப்போடுதான் வேலை முடியும். லீவு பதினைந்து நாள்தான் என்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை. பல் உடைந்தால் அந்த வாரமே காட்டுங்கள். இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் எனக்கு ஐந்தாவது வழியே இருந்திருக்காது என்றார் டாக்டர்.

எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்பையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய எக்ஸ்ரே கோவில்பட்டியில் ஏதோ ஒரு பீரோவில் இருக்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிச்சம்? வேரில் விரிசல் சந்தேகம் உண்டா? இந்த வழி தோற்றால் அடுத்த வழி என்ன?

இனி அம்மா. ஒருநாள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீடையில் உடைந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். "எதைக் கடிச்சே?" என்று கேட்டார். "எதையோம்மா" என்றேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. "மாவு சரியாச் சலிக்கல போல" என்றார்.

அம்மாக்களிடம் ஆடிட் தப்பிக்க முடியாது.

பொங்கலுக்கு அம்மா இங்கே வருகிறார். டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த எவர்சில்வர் டம்ளரையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். லூசான செட்டுக்கு உள்பக்கம் புதுப் பூச்சுக் கொடுத்து இறுக்கலாம், அது முடியாவிட்டால் புதிதாகச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்குய்யா செலவு" என்றார் அம்மா. "மிச்சம் என்ன இருக்குன்னு அவங்க பார்த்துச் சொல்லட்டும்மா, நீங்க டம்ளரை மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

சரி என்றார். கூடவே, "முறுக்கு கொண்டாரட்டா?"

கொண்டு வாங்க என்றேன். வலது பக்கம் கடித்துக்கொள்கிறேன்.